விலை கொடுத்தவர் விருந்தினரா?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது, அவருடைய ஊரையும் குலத்தையும் உசாவாமல், அவரால் கைம்மாறு செய்யக்கூடுமா என்றும் எண்ணிப் பாராமல் உணவளிப்பதையே நம் முன்னோர் விருந்தோம்பல் என்றனர். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். திருமறையின் 51ஆம் அத்தியாயம் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் இல்லத்திற்கு வந்த விருந்தினரைப் பற்றிக் கூறுகிறது. வந்தவர்கள் அறிமுகமில்லாதவர்கள். எனினும் அப்பெருமகனார் ஓசையின்றி உள்ளே சென்று, கொழுத்த கன்றொன்றைச் சமைத்துக் கொணர்ந்து, அவர்கள் முன்னே வைத்த பின்னரே உண்ணமாட்டீர்களா என வினவுகின்றார்கள். முதலில் உணவு, அதன் பிறகே கேள்வி. விருந்தின் இலக்கணம் முழுவதும் இந்த வரிசை முறையிலே அடங்கியிருக்கிறது.

உணவு விடுதியில் இந்த வரிசை தலைகீழாகிறது. அங்கே முதலில் கேள்வி, பிறகு பட்டியல், பிறகு உணவு, முடிவில் விலைச்சீட்டு. ஆயினும், இன்று உலகின் பெருநகரங்களிலும் உல்லாச ஊர்களிலும் உள்ள விடுதிகள் தம்மிடம் வருவோரை வாடிக்கையாளர் என்று அழைப்பதில்லை. விருந்தினர் என்றே அழைக்கின்றன. இது வணிகத்தின் இனிப்புப் பூச்சு மட்டுந்தானா? அல்லது, விலை கொடுத்து உண்பவரிடத்தும் விருந்தினர்க்குரிய ஏதோ ஒன்று உண்மையாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? உண்டெனில், விலைச்சீட்டைத் தீர்த்த பிறகும் அவர் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று எஞ்சி நிற்கும். நாம் ஆராய விரும்புவது அந்தக் கடனைத்தான்.

பொதுவாகப் பேசினால் இத்தகைய கேள்வி காற்றோடு போய்விடும். ஆகவே ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து கிழக்கே 100 மைலுக்குச் சற்று அப்பால், கோச்செல்லா பள்ளத்தாக்கில் பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊர் இருக்கின்றது. அதன் மேற்கே 10,800 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சான் ஹசின்டோ மலை கடலிலிருந்து வரும் மேகங்களைத் தடுத்துவிடுகிறது. ஆகவே ஊருக்கு மிஞ்சுவது வெயில். பெரும்பாலான ஆண்டுகளில் 6 அங்குல மழைகூடப் பெய்வதில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் அங்கே 124 பாரன்ஹீட் வெப்பம் பதிவாயிற்று. அவ்வூர் அதுவரை கண்டிராத உச்சம் அது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஊரில் வாழ்வோர் 45,000 பேருக்கும் குறைவு. ஆனால் குளிர்காலத்தில் வடபுலத்துப் பனிக்கு அஞ்சி வருவோரும், வார இறுதியில் ஓய்வு தேடி வருவோரும் அவ்வூரை நிறைத்துவிடுகின்றனர். வேறிடங்களில் மக்கள் எதைக் கண்டு நிழல் தேடி ஓடுகின்றனரோ, அந்த வெயிலே இவ்வூரின் விற்பனைப் பொருள்.

ஊரின் நடுவே செல்லும் பாம் கேன்யன் வீதியே அதன் உணவு வீதியும் ஆகும். மெக்சிக நாட்டுச் சோள அடையும், இத்தாலிய மாவுப் பண்டங்களும், காலையில் தாமதமாக எழுவோர்க்கான நீண்ட காலையுணவும் அங்கே கிடைக்கின்றன. வியாழக்கிழமை மாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு வீதியையே சந்தையாக்கி விடுகின்றனர். பழக்கடையும் பண்டக்கடையும் இசையுமாய் உள்ளூராரும் வெளியூராரும் கலந்து நடக்கும் நேரம் அது. உணவகங்களின் முற்றங்களிலே கூரையின் விளிம்பை ஒட்டி மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் ஊசிமுனைத் துளைகளிலிருந்து நீர் புகைபோலச் சிதறுகிறது. உலர்ந்த காற்றில் அந்நீர்த்துளிகள் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, அதன் கீழே அமர்ந்திருப்போர் பாலைவனத்தின் நடுவிலேயே இதமாக உண்ணுகின்றனர். கோடை முற்றியதும் கூட்டம் குறையும். சில உணவகங்கள் ஆகஸ்டு மாதத்தில் வாரக்கணக்கில் கதவை அடைத்து விடுவதும் உண்டு.

அந்தப் பள்ளத்தாக்கின் தனிச்சிறப்பான பானம் ஒன்றுண்டு. பேரீச்சம்பழத்தைப் பாலேட்டுப் பனிக்கூழோடு அரைத்துத் தருவது அது. அதனைப் பருகுவோரில் எத்தனை பேர் அந்தப் பழத்தின் பயணத்தை அறிவர்? கலிபோர்னியாவின் மண்ணுக்குப் பேரீச்சை உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க வேளாண்மைத் துறை அல்ஜீரியா, ஈராக், எகிப்து முதலிய நாடுகளிலிருந்து கன்றுகளைத் தருவித்து அங்கே நட்டது. ஒளியின் பெயரைத் தாங்கிய திக்லத் நூர் அவ்வாறு வந்ததுதான். 1927ஆம் ஆண்டில் மொராக்கோவின் பூதனீப் பாலைச் சோலையிலிருந்து வால்டர் சுவிங்கிள் என்னும் தாவரவியலறிஞர் 11 பக்கக்கன்றுகளைக் கொண்டுவந்தார். நோய் தொற்றாதிருக்க நெவாடா மாநிலத்தில் தனித்து வளர்க்கப்பட்ட அவற்றில் 9 பிழைத்தன. இன்று நம் வீடுகளிலும் நோன்பு திறக்கும் வேளையில் மதிப்போடு வைக்கப்படும் மெஜூல் இனம் அமெரிக்காவில் பரவியது அந்த ஒன்பதிலிருந்துதான். மெஜூல் என்பது மஜ்ஹூல் என்னும் அரபுச் சொல்லின் திரிபு; அறியப்படாதது என்பது அதன் பொருள்.

அரபு நாட்டு மரம் வந்தபோது அரபுப் பெயர்களும் உடன் வந்தன. பாம் ஸ்பிரிங்ஸுக்குத் தென்கிழக்கே, சால்ட்டன் கடல் என்னும் உப்பேரியின் வடகரைக்கு அருகே, வால்ட்டர்ஸ் என்று வழங்கிய சிற்றூர் ஒன்றுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்கா என்று பெயர் சூட்டினர். அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளம் சிலிர்க்கின்றது. பெயர் சூட்டியவர்களுக்கோ அது பேரீச்சையையும் மணலையும் நினைவூட்டும் ஒரு விளம்பரம். இன்று அங்கே வாழ்வோரில் மிகப் பலர் மெக்சிக வழிவந்த தோட்டத் தொழிலாளர். ஆளுயரத்தைப் பலமுறை கடந்து நிற்கும் மரங்களில் ஏறி, முள் களைந்து, ஆண்மரத்தின் மகரந்தத்தைப் பெண்மரத்தின் பூங்குலையில் கையால் தூவி, காய்களை அளவாக ஆய்ந்து, குலைகளைப் பறவையிடமிருந்தும் மழையிடமிருந்தும் காக்கப் பையிட்டு, பழுத்தபின் அறுத்திறக்கும் கைகள் அத்தகையோருடையவை. ஒரே மரத்தில் ஓராண்டில் இப்படிப் பலமுறை ஏறி இறங்கவேண்டும். அறியப்படாதது பழத்தின் பெயர் மட்டுமன்று.

இனி நம் கேள்விக்கு வருவோம். அந்த முற்றத்திலே நீர்ப்புகையின் கீழ் அமர்ந்து ஒருவர் உண்கிறார். உண்டு முடித்து, விலையும் தந்து, அந்நாட்டு வழக்கப்படி பரிமாறியவர்க்கு நூற்றுக்குப் பதினைந்தோ இருபதோ சேர்த்து வைத்துவிட்டு எழுகிறார். அவர் கடன் தீர்ந்ததா?

தீர்ந்தது என்பாரின் வாதத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடலாகாது. வணிகத்தை இறைவன் ஆகுமாக்கியிருக்கின்றான். நம் பெருமானார் (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள். இருசாராரும் மனமொப்பி விலை பேசிக்கொள்வதில் ஓர் அழகும் இருக்கின்றது. பிறர் தயவில் உண்பவன் தலைகுனிந்து உண்கிறான். விலை கொடுத்தவன் நிமிர்ந்து உண்கிறான். பழங்காலத்துப் பாலையில் வழிப்போக்கனின் உயிர் யாரோ ஒருவருடைய கூடாரத்தின் இரக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூடாரத்தார் அவனுடைய குலத்துக்குப் பகைவராயிருந்தால் என்னாவது? இன்றோ, எந்த இனத்தவனும் எந்த மொழியினனும் கையில் காசிருந்தால் எவருடைய முகத்தையும் பாராமல் பசியாறலாம். ஏழையாயினும் தன் உழைப்பின் கூலியைக் கொண்டு ஒருவேளை உணவை உரிமையோடு கேட்கலாம். விலை என்பது மனிதர்க்கு இடையே சுவராக மட்டும் நிற்பதில்லை. சில வேளைகளில் அது ஏழையின் மானத்துக்கு வேலியாகவும் நிற்கின்றது. இதனை மறந்துவிட்டு விருந்தோம்பலின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையன்று.

இவ்வளவும் உண்மை. ஆயினும், விலை எட்டாத இடங்கள் சில அந்த மேசையைச் சுற்றி இருக்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும் காண்போம்.

முதலாவது, அடுப்பின் வெப்பம். உமது பணியாளர் உமக்கு உணவு கொண்டுவந்தால் அவரை உம்முடன் அமர்த்திக்கொள்ளும். இயலாவிடில் அதிலிருந்து ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடும். ஏனெனில் அதன் வெப்பத்தையும் அதனை ஆக்கும் பாட்டையும் தாங்கியவர் அவரே என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதை ஸஹீஹுல் புகாரியிலே காண்கின்றோம். இங்கே நுட்பமாய் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கூலி கொடுப்பதைப் பற்றிய கட்டளை தனியே இருக்கின்றது. தொழிலாளியின் வேர்வை உலருமுன் கூலியைத் தரவேண்டும் என்பதும் நபிமொழியே. அவ்வாறிருக்க, இந்தக் கவளம் எதற்காக? கூலி உழைப்புக்கு ஈடு. கவளமோ, நீர் தாங்கிய வெப்பத்தை நான் அறிவேன் என்று சொல்லும் ஒப்புதல். முன்னதைச் செலுத்தியதனால் பின்னது தீர்ந்துவிடுவதில்லை.

வெளியே 110 பாரன்ஹீட் எரியும் ஊரில், அடுப்புகளின் நடுவே நிற்பவரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. நீர்ப்புகை முற்றத்திலுள்ளார்க்கு, சமையற்கட்டுக்கு அன்று. கலிபோர்னியா மாநிலம் 2005ஆம் ஆண்டில் திறந்தவெளித் தொழிலாளரை வெயிலிலிருந்து காக்க விதிகள் செய்தது. கூரைக்குள் வேலை செய்வோரை அத்தகைய விதிகள் எட்ட மேலும் 19 ஆண்டுகள் ஆயின. 2024ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த அவ்விதிகளின்படி, வேலையிடத்து வெப்பம் 82 பாரன்ஹீட்டை எட்டினால் குளிர்ந்த குடிநீரும், ஓய்வுக்குக் குளிர்ந்த இடமும் தரவேண்டும். சட்டம் வந்தது நல்லதே. ஆனால் அந்த வெப்பத்தை அறிந்துகொள்ள உண்பவர்க்குச் சட்டம் எதற்கு? தட்டிலிருந்து எழும் ஆவியே அறிவிக்கவில்லையா?

இரண்டாவது, நிலம். விருந்தினர் என்றால் விருந்தோம்புவார் ஒருவர் இருக்கவேண்டும். பாம் ஸ்பிரிங்ஸில் அவர் யார்? விடுதி முதலாளியா? அவ்வூரின் நடுவே ஊறும் வெந்நீர் ஊற்றைச் சுற்றி, ஐரோப்பியர் வருமுன்பே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் கவியா இனத்து மக்கள். வெந்நீர் என்று பொருள்படும் அகுவா காலியென்டே என்னும் ஸ்பானியப் பெயரால் அக்குழுவினர் இன்று வழங்கப்படுகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு அந்நிலத்தைச் சதுரங்கப் பலகை போலச் சதுர மைல்களாய்க் கட்டமிட்டு, ஒன்றுவிட்டொரு கட்டம் இரயில் நிறுவனத்துக்கும் எஞ்சியவை பூர்வகுடிகளுக்குமாய்ப் பங்கிட்டது. இவற்றுள் 14ஆம் எண் கட்டம் பிற்காலத்தில் ஊரின் நடுப்பகுதியாகிவிட்டது.

அந்தச் சதுர மைலின் கதை நம் கேள்வியோடு நேராகத் தொடர்புடையது. விடுதிகளில் சமைத்தவர், துவைத்தவர், பெருக்கியவர், கட்டடம் எழுப்பியவர் ஆகியோரில் கறுப்பினத்தாரும் மெக்சிக வழியினரும் மிகப் பலர். ஊரின் பிற பகுதிகளில் அவர்கள் குடியிருக்க இடந்தராத கட்டுப்பாடுகள் நிலப்பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தன. ஆகவே அவர்கள் 14ஆம் கட்டத்தில், பூர்வகுடி உரிமையாளரிடம் இடத்தை வாடகைக்குப் பெற்று, தம் கையாலேயே வீடு கட்டி வாழ்ந்தனர். ஊரின் விருந்தினர் மேசைகளுக்கு உணவு சுமந்த கைகளுக்கு அந்த ஊரில் தலைசாய்க்க இடந்தந்தவர்கள், ஊரையே இழந்து நின்ற அந்தப் பூர்வகுடிகள்தாம். 1959ஆம் ஆண்டில் அந்நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம் என்று சட்டம் வந்ததும் அதன் மதிப்பு விண்ணை எட்டியது. உரிமையாளர்க்கு நீதிமன்றம் அமர்த்திய காப்பாளர்கள் அந்த மதிப்பின் மேல் கைவைத்தனர். குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர், அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன, நகரின் தீயணைப்புத் துறையினரே அவற்றைக் கொளுத்தினர். தீயை அணைப்பதற்கென்று இருந்தவர்கள் தீயை வைத்தார்கள்!

1968ஆம் ஆண்டில் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் இதனைக் கடுஞ்சொற்களால் கண்டித்து அறிக்கை தந்தது. பூர்வகுடிகளின் சொத்தில் நடந்த முறைகேட்டை வெளிக்கொணர்ந்த ரிவர்சைடு நாளேட்டுக்கு அதே ஆண்டில் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆனால் நகராட்சி மன்னிப்புக் கேட்டது 2021ஆம் ஆண்டில். இழப்பீடாக 59 இலட்சம் டாலர் தர இசைந்தது 2024ஆம் ஆண்டில். வீடிழந்த குழந்தைகள் அதற்குள் முதியோராகி விட்டனர். பலர் மண்ணுக்குள் போய்விட்டனர். அந்நாட்களில் அவ்வூரின் விடுதிகளில் உண்டவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை. கேட்ட விலையைத் தந்தனர். அவ்விலையில் ஒரு காசும் இந்த அநீதியைத் தடுக்கவில்லை; அவர்களுடைய நாவிலும் அது கசக்கவில்லை.

மூன்றாவது, நீர். அந்தப் பள்ளத்தாக்கின் வாழ்வு நிலத்தடி நீரில் நிற்கின்றது. எடுத்த அளவுக்கு மழை ஈடுசெய்யாததால், தொலைவிலுள்ள கொலராடோ ஆற்றின் நீரை 1973 முதல் மணற்படுகைகளில் தேக்கி நிலத்துக்குள் இறக்கி வருகின்றனர். 7 மாநிலங்களும் மெக்சிகோ நாடும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஆறு பல ஆண்டுகளாய்க் கடலைச் சேர்வதே அரிதாகிவிட்டது. முற்றத்து நீர்ப்புகை செலவழிப்பது சிறிதளவே. அதன்மேல் பழி முழுவதையும் போடுவது நியாயமன்று. அந்தப் பள்ளத்தாக்கில் 100க்கு மேற்பட்ட கோல்ப் திடல்கள் பாலை வெயிலில் பச்சைப் பசேலென்று காட்சி தருகின்றன என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். அகுவா காலியென்டே மக்களுக்கு அந்த நிலத்தடி நீரில் உரிமையுண்டு என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில்தான் தீர்ப்பளித்தது. ஊற்றின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர்கள், நீரில் தமக்கும் பங்குண்டு என்று வழக்காட நேர்ந்தது.

இவ்வளவையும் கேட்ட ஒருவர் நம்மை மறித்துக் கேட்கலாம்: "அப்படியானால் அந்த ஊரில் உண்ணவே கூடாதா? ஒவ்வொரு கவளத்துக்கும் பின்னே இருக்கும் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்தால் எந்த ஊரில்தான் எவர் விழுங்கமுடியும்? கூட்டம் வராவிட்டால் அந்தச் சமையற்காரருக்குக் கூலிதான் ஏது?"

கேள்வி நியாயமானது. கோடையில் உணவகம் கதவடைக்கும்போது முதலில் வாடுவது பரிமாறுபவரின் குடும்பமே. உண்ணாமை இதற்கு விடையன்று. அவ்வாறாயின் விடை எங்கே?

ஸஹீஹ் முஸ்லிமிலே காணும் ஒரு நிகழ்ச்சி நமக்கு வழிகாட்டுகின்றது. பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியே வந்தபோது அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரையும் காண்கின்றார்கள். மூவரையும் வீட்டைவிட்டு வெளியே கொணர்ந்தது பசியே. மூவரும் அன்சாரித் தோழர் ஒருவரின் இல்லத்தை அடைகின்றனர். அவர் நன்னீர் கொணரச் சென்றிருக்கிறார். திரும்பி வந்தவர், இன்று என்னைவிடச் சிறந்த விருந்தினரைப் பெற்றவர் எவருமில்லை என்று இறைவனைப் புகழ்ந்து, செங்காயும் கனியும் உலர்பழமும் ஒருங்கேயுள்ள பேரீச்சங்குலையொன்றை அவர்கள் முன் வைக்கின்றார். பின்னர் ஆடறுக்கக் கத்தியை எடுக்கின்றார். அப்போது பசித்திருந்த விருந்தினராகிய பெருமானார் (ஸல்) அவர்கள், பால் தரும் ஆட்டை அறுத்துவிட வேண்டாம் என்று அவரை எச்சரிக்கின்றார்கள். உண்டு, நீரருந்திப் பசியாறிய பின்னரோ, இந்த அருட்கொடையைப் பற்றி மறுமை நாளில் நீங்கள் கேட்கப்படுவீர்கள் என்று தம் தோழர்களிடம் கூறுகின்றார்கள்.

இந்நிகழ்ச்சியில் குற்றம் எங்கே இருக்கின்றது? பேரீச்சை திருடப்பட்டதன்று, நீர் பறிக்கப்பட்டதன்று, அளித்தவர் அகமகிழ்ந்து அளித்தார், உண்டவர்கள் மெய்யாகவே பசித்திருந்தனர். எள்ளளவும் பழியில்லாத அந்த உணவைப் பற்றியும் கேள்வி உண்டென்றால், அக்கேள்வி குற்றச்சாட்டு அன்று என்பது தெளிவாகின்றது. கேட்கப்படுவது உண்டவரை வதைப்பதற்காக அன்று. உணவு என்பது வாங்கிய பொருளாயினும், பெற்ற பொருளாயினும், முதற்கண் அது அருட்கொடை. அதனை அருட்கொடையென்று அறிந்து உண்டீரா என்பதே கேள்வி. விலை, விற்றவரின் உரிமையைத் தீர்க்கின்றது. அதற்கு அந்த ஆற்றல் உண்டு. அதனை நாம் மதிக்கவேண்டும். ஆனால் இந்தக் கேள்வியைத் தீர்க்கும் ஆற்றல் விலைக்கு இல்லை. இலவசமாய் உண்டவர்க்கே அக்கேள்வி உண்டெனில், காசு தந்தவர்க்கு மட்டும் விலக்கு எங்ஙனம் கிடைக்கும்?

பால் தரும் ஆட்டைப் பற்றிய அந்த எச்சரிக்கையோ விருந்தினர் யார் என்பதையே நமக்கு வரையறுத்துத் தருகின்றது. வாடிக்கையாளர், என் காசுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். விருந்தினரோ, நான் எழுந்துபோன பிறகு இந்த வீட்டில் என்ன எஞ்சியிருக்கும் என்று எண்ணுகிறார். விருந்து கொடுப்பவர் அன்பின் மிகுதியால் தம் நாளைய பாலையும் இன்றைய இறைச்சியாக்க முற்படும்போது, அவருடைய கையைப் பிடித்துத் தடுப்பது விருந்தினரின் கடமையாகிறது. விருந்தினர் மூன்று நாட்களுக்கு மேல் தங்கி வீட்டாரை இடருக்குள்ளாக்கலாகாது என்ற நபிமொழியின் உட்பொருளும் இதுவே. வாடிக்கையாளர்க்கு உரிமைகள் உண்டு. விருந்தினர்க்கு அவற்றோடு அதபும் உண்டு. ஒருவர் ஒரே வேளையில் இரண்டுமாக இருக்கமுடியும். உரிமை எங்கே முடிகின்றதென்று அதபுதான் அவருக்குச் சொல்லித் தரும்.

இந்த அளவுகோலைப் பாம் ஸ்பிரிங்ஸின் மேசைமேல் வைத்துப் பார்ப்போம். அங்கே பால் தரும் ஆடு எது? நிலத்தடியில் எஞ்சியிருக்கும் நீர் ஓர் ஆடு. அடுப்படியில் நிற்பவரின் உடல்நலம் ஓர் ஆடு. ஊரில் உழைப்பவர் ஊரிலேயே குடியிருக்கக் கூடிய நிலை ஓர் ஆடு. 14ஆம் கட்டத்தில் அந்த ஆடு ஒருமுறை அறுக்கப்பட்டது. அதனை மன்னிப்பாலும் டாலராலும் மீண்டும் எழுப்பிவிட முடியவில்லை. இனி அங்கே செல்லும் ஒருவர் பெரிய தியாகம் எதுவும் செய்யவேண்டுவதில்லை. கேளாத நீரை மேசையில் மிச்சம் வைக்காதிருக்கலாம். உண்ணக்கூடிய அளவை மட்டும் கேட்டு வாங்கலாம். கதவடைக்கும் நேரத்தில் போய் அமர்ந்து, அடங்கிய அடுப்பை மீண்டும் மூட்டச் சொல்லாதிருக்கலாம். பரிமாறியவர்க்குரியதைக் குறைக்காமல் கொடுக்கலாம். கொடுக்கும்போது முகத்தைப் பார்த்து நன்றி சொல்லலாம். இந்த நிலத்தின் முதல் வீட்டார் யாரென்று கேட்டறியலாம். ஊரை ஆள்பவர்களுக்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் இவற்றினும் பெரிய கடமைகள் உண்டு. அவற்றை உண்பவரின் நற்பண்பு ஒன்றினால் மட்டும் நிறைவேற்றிவிட முடியாது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், உண்பவர் எதைப் பார்க்கப் பழகியிருக்கிறாரோ, அதைத்தான் விற்பவரும் விரைவில் மதிக்கத் தொடங்குவார்.

எங்கோ இருக்கும் ஊரைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று நம் இல்லத்தார் எண்ணக்கூடும். பாலை நகரத்துச் சமையற்கட்டு நமக்குத் தொலைவானதன்று. வளைகுடா நாடுகளின் உணவகங்களில் அடுப்பின் முன்னும் மேசைகளின் இடையிலும் நிற்போரில் நம் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் நம் தெருக்களில் நிற்கின்றன. அங்கே யாரோ ஒருவர் நம் பிள்ளையை ஏறெடுத்தும் பாராமல் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார் என்று கேட்டால் நம் வயிறு எரியும். அந்த எரிச்சல் நியாயமானதே. ஆனால் அதே கண்ணோடு நம் நிக்காஹ் விருந்துகளையும் நாம் பார்க்கவேண்டும்.

நாலுபேர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது நம்மிடையே நின்று நிலைத்த அழகிய வழக்கம். செல்வரும் எளியவரும் ஒரே தட்டில் கைவைக்கும் அந்தக் காட்சியைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். விடிய விடியப் புகையில் நின்று நெய்ச்சோறு ஆக்கிய பண்டாரியையும் அவருடைய ஆட்களையும் எந்தச் சஹனில் அமர்த்தினோம்? எல்லாரும் உண்டு கலைந்த பின், பந்தலின் பின்புறத்தில், சட்டியின் அடியில் எஞ்சியதை அவர்கள் வழித்து உண்பதைப் பாராதவர் நம்மில் யார்? பேசிய கூலியைக் கொடுத்துவிட்டோம் என்று நாமும் சொல்கிறோம். பாம் ஸ்பிரிங்ஸில் உண்பவர் சொல்வதும் அதுதான். வெப்பத்தைத் தாங்கியவரை உடன் அமர்த்துமாறு கூறிய நபிமொழி நம்மிடம் இருக்கின்றது. அந்தப் பள்ளத்தாக்கில் பெயரளவில் ஒரு மெக்கா இருப்பதைப் போல, அந்நபிமொழியும் நம் விருந்துகளில் பெயரளவில்தான் இருக்கின்றதோ என்ற ஐயம் நம்மை உறுத்தவேண்டும்.

ஆகவே, விலை கொடுத்தவர் விருந்தினரா என்னும் கேள்விக்கு நாம் காணும் விடை இதுவே: ஆம், அவர் விருந்தினரே. விடுதிக்காரர் அவ்வாறு அழைப்பதனால் அன்று. நீரும் நிலமும் கனியும் எவருடைய விலைக்கும் அடங்காத ஒருவனுடைய கொடையாய் இருப்பதனால். அவனுடைய வீட்டில் உண்பவர், சமைப்பவர், விற்பவர், மரமேறிப் பழம் அறுப்பவர் அனைவரும் விருந்தினரே. விருந்தினருக்குள் ஒருவர் மற்றவரை வேலையாள் என்று மட்டும் நினைப்பது அந்த வீட்டின் முறைக்கு ஒவ்வாது.

அடுத்தமுறை நம் வீட்டுத் திருமணத்தில் முதற் பந்திக்குச் சஹன் விரிக்கும்போது, அடுப்படிக்கு ஒருவரை அனுப்பிப் பண்டாரியை அழைத்து வரச் சொல்வோம். அவர் வேலை முடியவில்லை என்று மறுக்கலாம். மறுத்தால் முதற் சஹனில் அவருடைய பங்கை எடுத்து மூடி வைத்துவிட்டு, அதன் பின்னர் பிஸ்மில்லாஹ் சொல்வோம். தான் வழங்கியவற்றைப் பற்றிக் கேட்கும் நாளில் நாணித் தலைகுனியாமல் மறுமொழி சொல்லும் பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!